முதல் தரத் தலையில் பேன்

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் மூவரும் சுகம். அவ்விடம் தாங்களும், சகலை அவர்களும், சகலை அவர்களின் இடது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பேன்கள் மட்டும் இவ்விடம் சுகமில்லை. அவை ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஒழிந்துபோன விவரத்தைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உறையின் கனத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தலையில் பேன் விழுகிற அளவுக்குக் கவனிக்க ஆளில்லாத வீட்டில் என் தங்கை மகள் இருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வண்டியில் வருகிறேன். அவளுடைய துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். இதற்குப் பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன், எதற்கெல்லாம் சம்மதித்தேன் என்பது நீங்கள் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கே தெரியவரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒருமுறையாவது என் வாக்கியத்தை நானே முடித்துக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும். மாடிவீட்டு லாரி டிரைவர் நாளை உங்கள் ஊர் வழியாகப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் மண்ணெண்ணெய் பற்றி ஏதாவது சொன்னால் தயவுசெய்து காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம். காரணம் கீழே வரும்.

எட்டு மாதத்துக்கு முன்னால், நான் மறுமணம் செய்துகொண்ட அன்று, என்னைத் தனியாகக் கூப்பிட்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒரு வருஷம் பார்க்குறேன். பிள்ளை அவகூட ஒட்டலைன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்போ நீங்க குறுக்க நிக்கக்கூடாது" என்றீர்கள். நான் வழக்கம்போல் 'ம்' கொட்டினேன். இப்போது நீங்கள் வருகிறேன் என்று எழுதியதும் பேனாவை எடுத்துவிட்டேன். வருஷம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று வாதம் பண்ண நான் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, நம் பிள்ளை வாண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், சாப்பிடும்போது இடது கையால் தலையைச் சொறிந்தாள். செவ்வாய்க்கிழமை இரண்டு கையாலும் சொறிந்தாள். புதன்கிழமை பென்சிலால் சொறிந்தாள். நான் ஆலையில் துணி பரிசோதகன் என்பது உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் துணியை விரித்து, லென்ஸ் வைத்து, அறுந்த இழை எங்கே, முடிச்சு எங்கே என்று தேடிப்பிடித்து நீலச் சாக்பீஸால் குறி போடுகிறவன். என் கண்ணிலிருந்து ஒரு நூல் தப்பியதில்லை என்று மேலாளரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவன் வீட்டில் பிள்ளை பென்சிலால் சொறிந்தால் சும்மா இருக்க முடியுமா? அவளை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார வைத்து, லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தலையை முன், பின், இடம், வலம் என்று நான்கு பாகமாகப் பிரித்துச் சோதித்தேன். வெள்ளை வெள்ளையாய்ச் சிறு புள்ளிகள் தெரிந்தன. பொடுகு என்று முடிவு செய்தேன். நடமாட்டம் எதுவும் தென்படவில்லை. மறுநாள் காலை வகுப்பாசிரியைக்கு ஆலையில் எழுதும் அதே நடையில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன்: "மாணவியின் தலை முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. குறைபாடு: இல்லை. தரம்: முதல் தரம்." கீழே கையெழுத்தும் போட்டு நேரமும் குறித்திருந்தேன்.

அன்று மாலையே சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் ஒளி ஊடுருவும் டேப்புக்கு அடியில் ஒரு பேன் ஒட்டப்பட்டிருந்தது. நல்ல ஆரோக்கியமான பேன். பக்கத்தில் வகுப்பாசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "ஐயா, இது உங்கள் முதல் தரத்திலிருந்து இறங்கி, கணக்கு நோட்டின் குறுக்கே நடந்து, ஏழாவது கணக்கின் விடைமேல் உட்கார்ந்தது. விடையும் தவறு." என் பதினெட்டு வருஷ சர்வீஸில் நான் பார்த்துத் தேறவிட்ட ஒரு துணி பீஸ் திரும்பி வந்தது அதுதான் முதல்முறை. யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது அண்ணி. எங்கள் தொழிலில் குறை ஓடாது. முடிச்சு விழுந்த இடத்தில் முடிச்சு இருக்கும். நான் வலப்பக்கம் பார்க்கும்போது இடப்பக்கம் ஓடி, இடப்பக்கம் வரும்போது பிடரிக்கு மாறும் குறையை நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலையில் அவளுக்கு ஊசி என்று பெயர், நானும் அப்படியே கூப்பிடுகிறேன், அவளுக்கும் அதில் வருத்தமில்லை. எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அடுத்த அறையில் அவளுக்கு வேலை. நான் சாக்பீஸால் குறி போட்ட இடத்தில் அவள் ஊசியும் சின்ன இடுக்கியும் வைத்து முடிச்சை எடுத்து, அறுந்த இழையைக் கோத்து, எங்கே குறை இருந்தது என்று எனக்கே தெரியாதபடி சரிசெய்துவிடுவாள். சுருக்கமாகச் சொன்னால் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம், சரிசெய்வது அவள் உத்தியோகம். வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வாண்டின் தலை விஷயத்தில் மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. வந்த முதல் வாரம் ஊசி சீப்பைக் கையில் எடுத்ததற்கு, "என் தலையைத் தொடாதீங்க. அது எங்க அம்மா பின்னின தலை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஊசி சீப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்தச் சீப்பு இருந்த பக்கமே அவள் கை போகவில்லை. சடை பின்னுவது என் வேலை. நான் பின்னினால் வகிடு நேராக இருக்கும், ஆனால் இரண்டாவது பீரியடில் சடை அவிழ்ந்துவிடும்.

அதனால் சீட்டு திரும்பி வந்த அன்றும் ஊசி சமையலறை வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே, "ஊதிப் பாருங்க. பறந்தா பொடுகு, ஒட்டிக்கிட்டு நின்னா ஈரு" என்றாள். ஊதினேன். ஒன்றும் பறக்கவில்லை. முடியின் அடியில், தோலை ஒட்டி, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஒவ்வொரு ஈரும் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றது. நகத்தால் இழுத்தாலும் முடியோடுதான் வந்தது. "ஐயோ அப்பா, வலிக்குது" என்று பிள்ளை அலறினாள்.

இனி வைத்தியப் படலம். முதலில் ஆலோசனை சொன்னவர் மாடிவீட்டு டிரைவர். "மண்ணெண்ணெய் ஊத்தித் துணியைக் கட்டிவிடுங்க சார். அரைமணி நேரத்துல எல்லாம் காலி" என்றார். உள்ளேயிருந்து ஊசியின் குரல் வந்தது: "பேன் மட்டுமா காலி? தோல் வெந்துபோகும், கண்ணுல பட்டா கண்ணு போகும், அடுப்பு பக்கம் போனா பிள்ளையே போயிடும். அதை உங்க லாரிக்கு வச்சுக்கங்க அண்ணே." டிரைவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் லாரி டீசலில் ஓடுகிறது என்று மட்டும் திருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் முறைப்படி செய்ய விரும்பினேன். எந்தச் சாயத்தையும் முதலில் ஒரு துண்டுத் துணியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே பீஸில் போடுகிறோம்? அதுபோல் சீப்பில் சிக்கிய ஒரு பேனைக் கண்ணாடித் தட்டில் வைத்துச் சோதனை செய்தேன். வெங்காயச் சாறு விட்டேன். பேன் சாற்றை நீந்திக் கடந்து கரையேறிவிட்டது. வினிகர் விட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நடந்தது. வேப்பிலையை அரைத்து வைத்தேன். அதன்மேல் ஏறி நின்றது. தேங்காயெண்ணெய் விட்டேன். அப்போதுதான் கால்கள் தடுமாறி, அசையாமல் கிடந்தது. சாகவில்லை அண்ணி, ஆனால் ஓட முடியவில்லை. பரிசோதனை முடிவு இவ்வளவு தெளிவாக இருந்தும் மனுஷ மனசு கேட்கிறதா? வெங்காயத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பெரிய வெங்காயத்தைத் துருவிப் பிழிந்து பிள்ளையின் தலையில் தேய்த்தேன்.

அப்போது ஊசி ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறாள். கதவைத் திறந்தவள் கண்டது, முக்காலியில் பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறாள், அவளுக்குப் பின்னால் நான் நின்று கண்ணீர் தாரை தாரையாக வழிய மூக்கை உறிஞ்சுகிறேன். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, வாயைத் திறந்தால் காரம் ஏறியது. மறைந்துபோன தங்கள் தங்கையை நினைத்துத்தான் இருவரும் அழுகிறோம் என்று நினைத்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் கழித்துக் குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனபோது அங்கேதான் இருந்தாள். "உள்ள வராம இங்க ஏன் உக்காந்திருக்க?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் அழுது முடிக்கட்டும்னு" என்றாள். அப்புறம் என் கையை முகர்ந்துவிட்டு, "வெங்காயமா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீருக்கு வெங்காயம் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஒரே வீட்டில் ஒருத்தியைப் படிக்கட்டில் உட்கார வைத்திருக்கிறேனே, அண்ணி சொன்னதுதான் சரியோ, பிள்ளையை அவர்களிடமே அனுப்பிவிடலாமோ என்று உண்மையாகவே நினைத்தேன். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசுகூடத் தட்டினேன். இதை உங்களிடம் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடைசியாக ஒருமுறை என் தொழில்முறைப்படி பார்த்துவிடுவது என்று பிள்ளையை விளக்குக்கு அடியில் உட்கார வைத்து, தலை முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவி, முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, ஈர் இருக்கும் கற்றையில் எல்லாம் நீலச் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே வந்தேன். எண்ணெயில் சாக்பீஸ் ஒட்டாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது, அதனால் சாக்பீஸைத் தூளாக்கித் தொட்டுத் தொட்டு வைத்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று குறி. பிள்ளையின் தலை நீலமும் பளபளப்புமாக இருந்தது. கடைசிக் குறியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம், என்னை அறியாமல் சத்தமாக, "பீஸ் ரெடி!" என்று குரல் கொடுத்துவிட்டேன்.

அடுத்த அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஊசி கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள். ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் நீலக் குறியில் இடுக்கியை வைத்துவிட்டாள். பதினொரு வருஷமாக ஆலையில் அந்தக் குரலுக்கு அப்படி வந்து உட்காருகிறவள்தானே? என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. நானோ அடுத்த பீஸுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த பீஸ் என்று ஒன்று இல்லை என்பது உறைத்தபோதுதான் நீட்டிய கையை இறக்கினேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் இடுக்கி குறி குறியாக நகர்ந்தது. அப்புறம் வாண்டு கேட்டாள், "எத்தனை?"

"பன்னெண்டு எடுத்தாச்சு" என்றாள் ஊசி. அப்போதுதான் தன் கை எங்கே இருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது. இடுக்கி அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? வலிக்கலையே" என்றாள் பிள்ளை. "அப்பா எடுத்தாதான் வலிக்கும்."

"உங்க அப்பாவுக்குக் கண்டுபிடிக்கத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஊசி மறுபடி குனிந்தாள். "இந்த நாப்பத்தி மூணுலயும் எட்டு வெறும் பொடுகு." நறுக்கிவைத்த காயை எடுத்து நானே சமைத்தேன். அன்றைய சாப்பாடு நன்றாக இல்லை, ஆனாலும் மூன்று பேரும் தட்டைக் காலி செய்தோம்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஜன்னலோரம் சீவல் நடந்தது. தலையை நனைத்து, எண்ணெய் தடவி, நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் அடியிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பாள். இது ஒருநாள் வேலை இல்லை அண்ணி. ஈரை எந்த எண்ணெயும் எந்தச் சாறும் ஒன்றும் செய்வதில்லை. ஏழெட்டு நாளில் அது பொரித்துவிடும். பொரித்த குஞ்சு பெரிதாகி மறுபடி ஈர் வைப்பதற்குள் சீவி எடுத்துவிட வேண்டும். அதற்கு மூன்று வாரம் விடாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் மருந்து. தலையணை உறை, துண்டு, தொப்பி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டேன். சோபாவை மூன்று நாள் யாரும் உட்காரக்கூடாது என்று கயிறு கட்டித் தடுத்தேன். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாள்கூட உயிரோடிருக்காது என்று வகுப்பாசிரியை சொன்ன பிறகு கயிற்றை அவிழ்த்தேன்.

நான் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். செய்தி எதுவும் படித்ததில்லை. பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் பேச்சு வருகிறது என்று கண்டுகொண்டேன், முகத்தைப் பார்த்தால் வராதது அப்போது வந்தது. ஒருநாள் சொன்னாள், "எங்க அம்மா சடை பின்னறதுக்கு முன்னாடி நெத்தியில ஒரு முத்தம் வைப்பாங்க." நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். ஊசி சீப்பை நிறுத்தவில்லை. "அது அவங்க வேலை. அதுல நான் கை வைக்க மாட்டேன். எனக்குப் பேன் வேலை மட்டும்தான்" என்றாள். பிள்ளை கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பின்னறதும் நீங்களே பின்னிடுங்க. அப்பா பின்னினா அவிழ்ந்து போகுது" என்றாள். அண்ணி, அந்தச் சடை மறுநாள் சாயங்காலம்வரை அவிழவில்லை.

பேன் எங்கிருந்து வந்தது என்றும் விசாரித்தேன். அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும், முன்பல் இரண்டும் விழுந்த சிநேகிதியிடமிருந்து. அவளுக்கு ஓட்டைப்பல் என்று பட்டப்பெயர், வாண்டுதான் வைத்தது. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் தலையைக் கொடுத்துப் படிப்பார்களாம். அழுக்குத் தலையில்தான் பேன் விழும் என்று நீங்கள் எழுதியது தவறு. மன்னிக்க வேண்டும், கடிதம் என்பதால் துணிந்து எழுதுகிறேன். பேனுக்கு அழுக்குத் தலையும் சுத்தமான தலையும் ஒன்றுதான். அது பறக்காது, தாவவும் தாவாது. ஒரு தலையும் இன்னொரு தலையும் ஒட்டினால்தான் நடந்து வரும். தங்கள் தங்கை போன பிறகு இரண்டு வருஷம் வாண்டு கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு வருஷமும் அவள் தலையில் ஒரு பேன்கூட இல்லை. அப்போது நீங்களோ நானோ கவலைப்படவில்லை, பிள்ளை அமைதியாக இருக்கிறாள் என்று பெருமையாகத்தான் பேசிக்கொண்டோம்.

இப்போது சுப முடிவு. ஒன்பது நாளைக்கு முன்னால் கடைசிச் சீவல். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. அதன் பிறகு நான் லென்ஸ் வைத்து மூன்று தடவை பார்த்தேன், எண்ணெய் தடவியும் பார்த்தேன், தடவாமலும் பார்த்தேன். பேன் இல்லை, ஈரும் இல்லை. வகுப்பாசிரியையும் பார்த்துவிட்டு, "இப்போது முதல் தரம்தான்" என்று என் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய பேனும் அதன் பின்பக்கத்தில் அப்படியே இருக்கிறது, பயப்பட வேண்டாம், அது செத்து ஒரு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் வாண்டு உங்களிடம், "பெரியம்மா, என் தலையில நாப்பத்தி மூணு இருந்துச்சு" என்று சொன்னது பெருமை பேசியதே தவிர புகார் இல்லை. வீடே சந்தோஷமாக இருக்கிறது. இரண்டு நாளாகப் பிள்ளை கொஞ்சம் சோர்வாகத் தெரிகிறாள், பரீட்சை நெருங்குவதால் இருக்கும். ஊசியும் ஐந்தரை மணிக்கு ஜன்னல் பக்கம் வந்து, வேலை ஒன்றும் இல்லாமல் திரைச்சீலையைச் சரிசெய்துவிட்டுப் போகிறாள்.

ஆகவே அண்ணி, கவனிக்க ஆளில்லாத வீடு இது இல்லை என்பதையும், தற்சமயம் பேன் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை என்பதையும், பரிசோதகன் என்ற முறையில் என் உத்தியோகத்தின் மேல் ஆணையாக உறுதிகூறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், ஆனால் கூட்டிப்போக வராதீர்கள், தங்க வாருங்கள். நாலு நாள் இருந்து, ஐந்தரை மணிக்கு இந்த வீடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தங்கை மகளை என்னிடமிருந்து பிரித்தால் நான் தாங்கமாட்டேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

தங்களுக்கும் சகலை அவர்களுக்கும் எங்கள் வணக்கங்கள். வாண்டுக்குத் தங்கள் ஆசியை வேண்டுகிறேன். ஊசிக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் மகிழ்வேன். தங்கள் தலைக்கு ஒரு குறையும் வராதிருக்க எங்கள் பிரார்த்தனைகள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் ஐந்தரை மணிக்கு வாண்டு தானாகவே வந்து முக்காலியில் உட்கார்ந்து, "தலை அரிக்குது" என்றாள். ஊசி பார்த்தாள். மூன்று பேன்கள். நன்றாக வளர்ந்த, கொழுத்த பேன்கள். ஒரு ஈர்கூட இல்லை. இன்றைக்குத்தான் வெளியிலிருந்து வந்திருக்கின்றன. நான் லென்ஸோடு விசாரணையை ஆரம்பித்தேன். ஓட்டைப்பல்லுக்கு மறுபடி பேன் விழுந்திருக்கிறதாம், அது தெரிந்தே இவள் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அவள் தலையோடு தலையை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சீவறது நின்னு போச்சுல்ல" என்றாள்.

ஊசி எழுந்து உள்ளே போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சீப்போடு வந்து உட்கார்ந்து, "பேன் இல்லாட்டியும் சீவலாம். அது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றாள் வாண்டு. "ஆனா கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

ஆகவே அண்ணி, மேலே நான் உத்தியோகத்தின் மேல் ஆணையிட்டது பொய்யாகிவிட்டது. எங்கள் வீட்டில் பேன் இருக்கிறது. அந்த மூன்றையும் ஊசி எடுத்து முக்கால் மணி நேரமாகிறது, இன்னும் சீவிக்கொண்டிருக்கிறாள்.